முகத்துணிக்கு மேலே ஒரு மூக்கு

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் நம் தங்கச்சி குட்டியும் சுகம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகம்தானே? இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பதால் ஆரம்பித்துவிட்டேன். இனி உண்மையை எழுதுகிறேன்.

எனக்கு வயிறு எரிகிறது. ஆபரேஷன் தியேட்டருக்கு நான் பொறுப்பு நர்ஸ் என்று பெயர். இங்கிருந்து சுத்தமாகத் தைத்து அனுப்பிய குடலிறக்க நோயாளிகள் மூன்று பேருக்கும் சீழ் பிடித்துவிட்டது. ரோட்டில் அடிபட்டு மண்ணோடு வந்த காயமாக இருந்தால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். இது அழுக்கே படாத ஆபரேஷன். மூவரில் ஒருவர் தையல்காரர். "என் தையல் இதைவிட நல்லா நிக்கும் சிஸ்டர்" என்று என்னைச் சீண்டிக்கொண்டே இருந்தவர், நேற்று போய்விட்டார். அவர் மனைவியிடம் யார் சொல்வது என்று டாக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் நான்தான் போய்ச் சொன்னேன்.

உன் குருநாதர், எங்கள் தலைமை சர்ஜன் பெரியவர், பெனிசிலின் வந்த நாளிலிருந்து சாப்பிட்ட கையைக் கழுவுகிற மாதிரித்தான் கை கழுவுகிறார். நகத்துக்குள் பிரஷ் போட்டுத் தேய்ப்பதெல்லாம் பழைய கதையாகிவிட்டது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறதென்று முகத்துணியை மூக்குக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டு, திறந்த வயிற்றின் மேல் குனிகிறார். சொன்னால், "மருந்து எதுக்கு இருக்கு?" என்கிறார்.

பரிசோதனைக்கூடத்தில் ஒருவர் இருக்கிறார். பூதக்கண்ணாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் அந்தச் சீழிலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கிருமி பெனிசிலினுக்கெல்லாம் அசையாது சிஸ்டர். நம்மள்ல யாரோ ஒருத்தர் மூக்குல சொகுசா குடியிருக்கு. அவருக்கு ஒரு தும்மல்கூட வராது, வெட்டுப்பட்டவனுக்குத்தான் ஆபத்து" என்றார். தியேட்டரில் உள்ள எல்லோர் மூக்கிலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுக்க வேண்டும் என்றார். முதல் ஆளாக நான் கொடுத்தேன். எனக்கு இல்லை. பெரியவர் மட்டும், "என் மூக்கை நோண்ட வந்தவன் இன்னும் பொறக்கல" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இவ்வளவும் எதற்கு எழுதுகிறேன் என்றால், குட்டியின் கழுத்துக் கழலை பெரிதாகிவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் "நம்பர் சொல்லுங்க" என்கிறபோதே குரல் பாதியில் உடைகிறது. மேற்பார்வையாளர் இரண்டு தடவை கூப்பிட்டு எச்சரித்துவிட்டார். அவள் பிழைப்பே அந்தக் குரல். உன் மேலுள்ள பிரியத்தில், தானே ஆபரேஷன் செய்வதாகப் பெரியவர் முன்வந்திருக்கிறார். அவர் வேண்டாம். அவளை உன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் நீயே செய். உடனே பதில் போடு.

உன் அக்கா

*

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதத்தைப் படித்தபிறகு நான் மட்டும் நலமாக இல்லை.

யாரைப் பற்றி என்ன எழுதுகிறோம் என்று யோசித்தாயா? பெரியவர் உதவி டாக்டராக இருந்த காலத்தில் அங்கே தலைமை சர்ஜனாக இருந்தவர், ரத்தம் ஊறி விறைத்துப்போன கறுப்புக் கோட்டோடுதான் ஆபரேஷன் செய்வாராம். கோட்டில் எவ்வளவு கறையோ அவ்வளவு கெட்டிக்காரர் என்று ஊருக்குள் பேச்சாம். சீழ் வடிந்தால், "பேஷ், காயம் ஆற ஆரம்பிச்சிடுச்சு" என்பாராம். அந்தக் கோட்டை அடுப்பில் போட்டு எரித்தவர் நம் பெரியவர். அதற்காக அவரை ஆறு மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் கத்தியையும் நூலையும் கொதிக்க வைக்கச் சொன்னார். கார்பாலிக் கிருமிநாசினித் தண்ணீரில் தன் கை தோல் உரிய உரியக் கழுவினார். ரப்பர் கையுறை வாங்கித் தரச் சொல்லி நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றார். முதலில் கேலி செய்தவர்களெல்லாம் பிறகு அவர் செய்ததையே செய்தார்கள்.

இந்தப் போரையெல்லாம் நடத்திய மனிதருக்கு நீ கை கழுவச் சொல்லித் தருகிறாயா? உன் பூதக்கண்ணாடிக்கு வேலை இல்லை, ஊரார் மூக்கை எண்ணிக்கொண்டிருக்கிறார். கொதிக்க வைப்பது உன் வேலை. வெட்டுவதை வெட்டுகிறவர்களிடம் விடு.

குட்டிக்கு அவர் கையால் நடப்பது அவள் அதிர்ஷ்டம்.

தம்பி

*

பிப்ரவரி 2

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

கோட்டை எரித்த கதை எனக்கும் தெரியும். அவரே வருஷத்துக்கு நாலு தடவை சொல்வார், கையைக் கழுவிக்கொண்டே சொன்னால் நன்றாக இருக்கும். அவர் கையுறைக்காகச் சண்டை போட்டபோது ஓட்டை விழுந்த உறைகளுக்குச் சைக்கிள் ட்யூப் மாதிரி ஒட்டுப் போட்டு, பவுடர் தூவி அடுக்கியவள் நான். அவரோடு நின்றவள்தான் இப்போது அவரை எதிர்த்துப் பேசுகிறேன். இது எனக்கு இனிப்பாக இருக்கும் என்று நினைத்தாயா?

நல்லவர் என்பதால் அவர் மூக்கில் கிருமி நுழையாமல் மரியாதைப்பட்டு வாசலில் நிற்குமா? அவர் நேற்று செய்ததற்கு நாளைக்குச் சாகிறவன் விலை கொடுக்கணுமா? சொல்லு. நீ படித்தவன், பதில் வைத்திருப்பாய்.

இன்னும் இரண்டு பேருக்குச் சீழ். ஒருத்தி மார்பில் கட்டி எடுத்தவள். கட்டு மாற்றும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரியாகுதுதானே?" என்றாள். ஆகுது என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

குட்டியிடம், "இப்ப வேண்டாம், கொஞ்சம் பொறு" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். காரணத்தைச் சொன்னால் பயந்துபோய் எந்த மேஜையிலும் படுக்கமாட்டாள். கழலையோ மூச்சுக்குழலை நெருக்குகிறது, மாடிப்படி ஏறினால் அவளுக்கு இரைக்கிறது. அதோடு, எக்ஸ்சேஞ்சில் ஒருத்தி காதில் விழுந்தால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரியும். வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்று பெரியவர் எங்களை மிரட்டி வைத்திருக்கிறார். அவளுக்கு நான் பெரியவரோடு வீம்புக்குச் சண்டை பிடிப்பதாகக் கோபம்.

நீ எப்போது வருகிறாய்? தேதியை எழுது, வேறொன்றும் எழுதவேண்டாம்.

அக்கா

*

மார்ச் 3

அக்கா,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. வேலை.

லீவு கிடைக்காது. மேலும் சொந்தத் தங்கை மேல் கத்தி வைக்கக் கூடாதென்று எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, உனக்கும் தெரியும். அவளை இங்கே அனுப்பவும் வேண்டாம், இப்போது வசதிப்படாது. குட்டியிடம் காரணம் சொல்லாமல் இருப்பது நல்லதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 10

தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன். வேறென்ன வேலை எனக்கு? என்னைத் தியேட்டரிலிருந்து தூக்கித் துணிக்கிடங்கில் போட்டுவிட்டார்கள்.

போன வாரம் பெரியவர் முகத்துணியை இறக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நான் கருவித்தட்டின் முன்னால் நின்றுகொண்டு, "மூக்கை மூடுங்க ஐயா, அப்புறம் கத்தியைத் தரேன்" என்றேன். மேஜையில் மயக்கத்தில் ஆள் கிடக்கிறது. அவர் மூடினார். ஆபரேஷனும் முடிந்தது. முடிந்த கையோடு என்னை அனுப்பிவிட்டார். இப்போது போர்வை எண்ணுகிறேன், கிழிசல் பார்க்கிறேன். அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

வழக்கம் என்று எழுதினாயே, எந்த வழக்கம்? போன வருஷம் உன் மாமனாருக்குக் குடல்வால் எடுத்தது யார், பக்கத்து வீட்டுக்காரரா? மாமனார் மேல் வைக்கலாம், தங்கச்சி மேல் வைக்கக் கூடாதா? உனக்கு என்னடா ஆச்சு? சண்டை போட்டால் பக்கம் பக்கமாக எழுதுகிறவன் நாலு வரி எழுதியிருக்கிறாய். உன் பெண்டாட்டி என்னைத் திட்டினாளா? அதையாவது சொல்.

நீ செய்ய வேண்டாம், உன் ஆஸ்பத்திரியில் வேறு யாராவது செய்யட்டும். அவளுக்குக் குரல் போய்க்கொண்டிருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன். நான் யாரிடமும் கெஞ்சினவள் இல்லை.

அக்கா

*

மார்ச் 19

என் அருமைக் குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். வாலு எப்படி இருக்கிறாய்? உன் குரல் எக்ஸ்சேஞ்சில் இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேர் போனை எடுக்கவே மாட்டார்களே.

கழலையைத் தள்ளிப் போட வேண்டாம். பெரியவர் கை மாதிரி கை கிடையாது, எனக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை அது. அக்காவுக்கும் அவருக்கும் ஏதோ அலுவலகத் தகராறு. அவள் கோபத்தில் உன் கழுத்து ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்? அவளிடம் சொன்னால் ஆட்டம் போடுவாள். சொல்லாமல் போய்ப் படுத்துக்கொள். தைரியமாக இரு. நான் இருக்கிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 6

டேய்,

நலம் விசாரிக்க மாட்டேன்.

நான் துணிக்கிடங்கில் தலையணை உறை எண்ணிக்கொண்டிருந்தேன். பெண்கள் வார்டு ஆயா ஓடிவந்து, "உங்க தங்கச்சிக்கு நல்லபடியா முடிஞ்சிருச்சு சிஸ்டர், இனிப்பு எங்க?" என்றாள். எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறேன் என்றுதான் அவள் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தாள். போய்ப் பார்த்தால் கழுத்தில் கட்டோடு குட்டி படுத்திருக்கிறாள். தலையணைக்குக் கீழே உன் கடிதம். "நான் இருக்கிறேன்." எங்கேடா இருக்கிறாய்?

தியேட்டரில் நின்ற பெண்ணைப் பிடித்து உலுக்கினேன். முகத்துணி மூக்குக்குக் கீழேதான் இருந்ததாம். "நாங்க எப்படி சிஸ்டர் அவர்கிட்ட சொல்றது?" என்று அழுகிறாள்.

நாலு நாள் சிரித்தாள். பிறகு காய்ச்சல். தையல் சிவந்து, பளபளவென்று வீங்கி, நேற்று உடைத்துக்கொண்டது. பெனிசிலின் ஊசி போட்டுப் போட்டு இடுப்பு கல்லாகிவிட்டது, கிருமிக்குக் கொசு கடித்த மாதிரிகூட இல்லை. சீழ் உள்ளே இறங்கினால் நெஞ்சுக்குப் போகும் என்கிறார் பூதக்கண்ணாடி. அவளுக்குப் பேச்சு வரவில்லை. சிலேட்டில் எழுதுகிறாள். இன்று காலையில், "அண்ணன் எப்ப வருவான்?" என்று எழுதினாள்.

ஆபரேஷன் செய்த கை பெரியவருடையது. அதன் கீழே அவளைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தவன் நீ. நான் அவரைக்கூட மன்னித்துவிடுவேன்.

உங்கள் ஊரில் புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறதாம், பெனிசிலினுக்கு மசியாத கிருமிக்கு. பூதக்கண்ணாடி அதன் பெயரை எழுதித் தந்திருக்கிறார், இதோடு வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு வந்து சேர். வராவிட்டால் எனக்குத் தம்பி இல்லை.

*

ஏப்ரல் 11

அக்கா,

மருந்தையும் இந்தக் கடிதத்தையும் ரயில் கார்டிடம் நேரில் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து உன் கையில் தருவார். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, விடாமல் கொடு. காயத்தை முழுக்கத் திறந்து கழுவச் சொல்.

நான் வரவில்லை. வர முடியாது. என்னைத் திட்டு, ஆனால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

ஜனவரி கடைசியில், உனக்கு அந்த நக்கல் கடிதத்தைப் போட்ட அடுத்த வாரமே, எங்கள் ஆஸ்பத்திரியிலும் மூக்குச் சோதனை நடந்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் மூக்கைக் காட்டினேன். என் மூக்கில் இருந்தது. அதே கிருமி. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் என்னிடம் ஒரு பஸ் கண்டக்டர் வந்தார், தோளில் நெல்லிக்காய் அளவு கொழுப்புக்கட்டி. சட்டை போட்டால் உறுத்துகிறது, பை மாட்ட முடியவில்லை என்று எடுக்க வந்தவர். இருபத்தாறு வயது. பிழைக்கவில்லை. அவர் சீழில் இருந்ததும் என் மூக்கில் இருந்ததும் ஒன்றுதான் என்று சொல்லி, என்னைத் தியேட்டருக்குள் வராதே என்றுவிட்டார்கள்.

வீட்டில்கூடச் சொல்லவில்லை. தினமும் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டிவிட்டு வருகிறேன். மூக்கில் களிம்பு போடுகிறேன். போகிறது, திரும்பி வருகிறது.

நீ கூப்பிட்டபோது இதைச் சொல்லியிருக்க வேண்டும். இங்கே அனுப்பு, வேறொருவர் செய்வார் என்று எழுதியிருக்க வேண்டும். அவள் வந்தால் எல்லாம் தெரிந்துவிடும். நீ சொன்னதுதான் சரி என்று உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பயந்துகொண்டு, பெரியவருக்கு ஒன்றும் இருக்காது என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டு, அவளுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். என் மானம் அவள் கழுத்தைவிடப் பெரிதாகப் போய்விட்டது.

வார்டு வாசலுக்குக்கூட நான் வரக்கூடாது அக்கா. திறந்த காயத்தின் பக்கத்தில் இந்த மூக்கைக் கொண்டு வர எனக்குத் துணிச்சல் இல்லை.

தம்பி

*

ஏப்ரல் 23

தம்பிக்கு,

மருந்து வந்தது. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. குட்டி பிழைத்துவிட்டாள். கஞ்சி குடிக்கிறாள். சிலேட்டில் என்னைக் கேலி செய்கிறாள்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். கோபம் அடங்கவில்லை. எல்லா சர்ஜனுக்கும் என்னதான் வைத்திருக்கிறது மூக்கில், கிருமியைவிடப் பெரிதாக?

உன் மூக்குக் கதையைப் பெரியவருக்கு நீயே எழுது என்று சொல்ல நினைத்தேன். எழுதமாட்டாய் என்று தெரியும். விட்டுவிட்டேன்.

அக்கா

*

மே 15

அண்ணா, அக்கா, ரெண்டு பேருக்கும்,

ஒரே கடிதம்தான். அக்கா, நீ படிச்சிட்டு அண்ணனுக்கு அனுப்பிடு. பக்கத்து அறையிலதான் இருக்கே, இருந்தாலும் எழுதறேன். ஒரு மாசம் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதனால பேசற மாதிரியே எழுதிடறேன்.

அண்ணன் அனுப்பின மருந்தை அக்கா என் கட்டில்கிட்டதான் பிரிச்சா. கூட வந்த கடிதத்தைப் படிச்சா, மூஞ்சி செவந்துச்சு, அலமாரியில போட்டுட்டுப் போயிட்டா. காய்ச்சல் விட்டதும் நான் எடுத்துப் படிச்சேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணனோட பழைய கடிதங்களையும், அக்கா நகல் எடுத்து வெச்சிருந்த அவ கடிதங்களையும் தேடிப் படிச்சேன். ஜனவரியிலிருந்து ரெண்டு பேரும் என் கழுத்தைப் பத்தி எழுதிக்கிட்டே இருந்திருக்கீங்க. என் கழுத்து! அது என்மேலதானே ஒட்டியிருக்கு? யாருக்காவது ஒரு வரி எனக்கு எழுதணும்னு தோணுச்சா?

அண்ணா, நீ பொய் சொன்னே. அது எல்லாருக்கும் தெரியுது. ஆனா அக்கா, நீ மட்டும் யோக்கியமா? தையல்காரர் செத்தது உனக்குத் தெரியும். சீழ் வர்றது தெரியும், யாரோட மூக்குன்னுகூட உனக்குச் சந்தேகம். எங்கிட்ட சொன்னது, "இப்ப வேண்டாம், பொறு." நான் என்ன பாப்பாவா? பயந்துடுவேனாம். எக்ஸ்சேஞ்சுல தீப்பிடிச்சப்போ கடைசி ஆள் வெளியே போற வரைக்கும் ஃபயர் ஸ்டேஷனுக்கு லைன் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தவ நான். காரணத்தைச் சொல்லியிருந்தா அண்ணன் கடிதத்தைச் சுக்குநூறாக் கிழிச்சிருப்பேன்.

பெரியவர் கதையை உங்ககிட்ட யாரும் முழுசா சொல்லியிருக்க மாட்டாங்க. நான் சொல்றேன். போன மாசக் கடைசியில, வார்டைச் சுத்தி வந்தவர் என் கட்டில்கிட்ட நின்னு, "உங்க அண்ணன் எப்படிம்மா இருக்கான்?"னு கேட்டார். அண்ணன் அக்காவுக்கு எழுதின அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். நின்னுக்கிட்டே படிச்சார். அப்புறம் கட்டில் ஓரத்துல உட்கார்ந்து மறுபடி படிச்சார். கண்டக்டர் பத்தி எழுதின இடத்துலயே கண்ணு நின்னுடுச்சு. கூட வந்த டாக்டர்களெல்லாம் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. நான் சிலேட்டை எடுத்து, "உங்க மூக்கையும் கொடுங்க"ன்னு எழுதிக் காட்டினேன்.

"பூதக்கண்ணாடியைக் கூப்பிடுங்க"ன்னார். அங்கேயே, எல்லார் முன்னாலயும் அண்ணாந்து மூக்கைக் காட்டினார்.

ரெண்டு நாள் கழிச்சு அவரே வந்தார். வெள்ளைக் கோட்டு இல்ல, சட்டை மட்டும். "இருக்கும்மா. தையல்காரருக்கு வந்ததும் உனக்கு வந்ததும் எங்கிட்ட இருந்துதான். இனிமே நான் கத்தியைத் தொடமாட்டேன். என்னை மன்னிச்சிடு"ன்னு கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அப்பவும் ஆத்திரம்தான். சிலேட்டுல, "தையல்காரர் வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்க"ன்னு எழுதினேன். போனாராம். அந்தம்மா கதவைச் சாத்திட்டாங்களாம். வெளியிலயே ரொம்ப நேரம் நின்னுட்டு வந்தாராம்.

அக்கா, உன்னைத் திரும்ப தியேட்டருக்குக் கூப்பிட்டிருக்காங்க, போ. யாரா இருந்தாலும் மூக்கை மூடச் சொல்லு.

என் குரல் திரும்பி வராதாம். கரகரன்னுதான் இருக்குமாம், அதுவும் அடுத்த மாசத்துலருந்துதான். எக்ஸ்சேஞ்சுல என்னை பில் பிரிவுக்கு மாத்திட்டாங்க. அங்க பேச்சே கிடையாது, கூட்டல் கழித்தல்தான். பன்னெண்டு வருஷமா ஊரையெல்லாம் பேச வெச்சவளுக்கு இதுதான் கிடைச்சது.

பெரியவரை நான் இன்னும் மன்னிக்கல. ஆனா அவர் வந்து கேட்டார். நீங்க ரெண்டு பேரும் மருந்து அனுப்பினீங்க, கஞ்சி கொடுத்தீங்க, ஒருத்தரையொருத்தர் திட்டி எழுதினீங்க. எங்கிட்ட இன்னும் யாரும் மன்னிப்புக் கேக்கல.

உங்க தங்கச்சி